யாரும் கேட்காத கதையை எழுதுகிறவர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு இது. இப்போது நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

பத்திரிகையையும் பதிப்பகத்தையும் எதிர்பார்க்காமல் இணையத்திலேயே கதை எழுதுகிறவர்களைப் பற்றி இன்று எழுதுகிறேன். நம் வாலிகண்டபுரத்திலும் சுற்று ஊர்களிலும் என்னிடம் தமிழ் படித்தவர்களில் நான்கைந்து பேர் இப்படி எழுதுகிறார்கள். ஒருவர் துபாயில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு எழுதுகிறார். ஒருவர் பெரம்பலூரில் கடை வைத்துக்கொண்டு மதிய நேரத்தில் எழுதுகிறார். வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறவர்களும் உண்டு. அதனால் யார் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை.

தமிழில் இந்த வகையில் நம் கண் முன்னால் இருக்கும் பெரிய உதாரணம் எழுத்தாளர் ஜெயமோகன். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். 1962இல் பிறந்தவர். தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர். அச்சில் பெயர் வாங்கிய பிறகுதான் இணையத்துக்கு வந்தார். 'ரப்பர்' 1990இலும் 'விஷ்ணுபுரம்' 1997இலும் புத்தகமாக வந்துவிட்டன. அவர் நினைத்திருந்தால் பத்திரிகைகளிலேயே தொடர்ந்து எழுதியிருக்கலாம். ஆனால் சொந்தமாக ஓர் இணையதளம் வைத்துக்கொண்டு தினமும் அதில் எழுத ஆரம்பித்தார். கதை, பயணக் குறிப்பு, படித்த நூல்களைப் பற்றிய கட்டுரை, வாசகர் கடிதம், அதற்குப் பதில் என்று எல்லாமே அங்கேதான். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கலாம்.

2011இல் 'அறம்' வரிசைக் கதைகளை அந்தத் தளத்தில்தான் எழுதினார். உண்மையாக வாழ்ந்த மனிதர்களை ஒட்டி எழுதிய 13 கதைகள். டாப்ஸ்லிப் காட்டில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றிய 'யானை டாக்டர்' அதில் ஒன்று. சுற்றுலா வந்தவர்கள் உடைத்துப் போட்ட பாட்டில் யானையின் காலில் ஏறி அது படும் பாட்டை அந்தக் கதையில் படித்தவர்கள், மலைக்குப் போனால் ஒரு பாட்டிலையும் கீழே போட மாட்டார்கள். பிறகு 'அறம்' புத்தகமாக வந்தது. 2022இல் பிரியம்வதா ராம்குமார் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் வந்தது. முதலில் இணையத்தில் இலவசமாக வந்துவிட்டதே, யார் வாங்குவார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. படித்தவர்களே வாங்கினார்கள், வாங்கி அடுத்தவருக்கும் கொடுத்தார்கள்.

நான் பணி ஓய்வு பெற்றது 2013 மே மாதம். அடுத்த ஜனவரி 1ஆம் தேதி அவர் 'வெண்முரசு' தொடங்கினார். மகாபாரதத்தை நாவல் வரிசையாக, தினம் ஓர் அத்தியாயம். மகன் வாங்கிக் கொடுத்த போனில்தான் படித்தேன். விடியற்காலையில் எழுந்தால் புதிய அத்தியாயம் வந்திருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, பால்காரர் வருவதற்குள் படித்துவிடுவேன். நாற்பது வருஷமாகக் காலையில் மணி பார்த்தே பழகிய உடம்பு. பள்ளிக்கூட மணி நின்றுபோன இடத்தில் அந்த அத்தியாயம் வந்து உட்கார்ந்துகொண்டது. 'முதற்கனல்' தொடங்கி 'முதலாவிண்' வரை 26 நாவல்கள். இருபதாயிரம் பக்கங்களுக்கு மேல். 2020 ஜூலையில் முடிந்தது. ஆறரை வருஷம்.

அதே 2020இல் ஊரடங்கு வந்தபோது, வெண்முரசின் கடைசிப் பகுதிகளோடு சேர்த்துச் சிறுகதைகளும் எழுத ஆரம்பித்தார். நூறுக்கும் மேல் எழுதிவிட்டார். நெடுஞ்சாலையில் ஒரு லாரிச் சத்தம்கூடக் கேட்காத அந்த நாட்களில், நம் ஊரில் எத்தனை பேர் வீட்டுக்குள் உட்கார்ந்து அவற்றைப் படித்தோம் என்பது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இதை எல்லாம் எதற்குச் சொல்கிறேன்? எண்ணிக்கையைச் சொல்லி வியப்பதற்கு இல்லை. வேறு ஒரு விஷயம் இருக்கிறது.

போன மாதம் என் பழைய மாணவி ஒருவர் போனில் பேசினார். ஒரு கதைச் செயலியில் மூன்று வருஷமாகத் தொடர்கதை எழுதுகிறார். பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவு பத்து மணிக்கு மேல்தான் எழுத முடியும். முதல் இரண்டு தொடர்களும் காதல் கதைகள். நிறைய பேர் படித்தார்கள், நட்சத்திரம் கொட்டியது. மூன்றாவதாக, பருத்தி எடுக்கப் போவதற்காகப் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுத ஆரம்பித்தார். பாதிப் பேர் போய்விட்டார்கள். "பழைய மாதிரி எழுதுங்க அக்கா" என்று கீழே எழுதுகிறார்களாம். வீட்டிலோ, "காசும் இல்லை, இப்போ படிக்க ஆளும் இல்லை, எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கறே?" என்கிறார்களாம்.

"ஐயா, நிறுத்திடட்டுமா?" என்று கேட்டார்.

அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். அவர் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால்.

அம்மா, உலகத்தில் எந்த வாரப் பத்திரிகையும் ஒரு கதைக்கு ஆறரை வருஷம் தினம் ஓர் அத்தியாயம் இடம் கொடுக்காது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாரம் ஒரு முறைதான் வந்தது. 1950இல் தொடங்கி 1954இல் முடிந்தது. அதுவும் எப்படி முடிந்தது? 1941இல் அவரும் சதாசிவமும் சேர்ந்து சொந்தமாகப் பத்திரிகை தொடங்கியிருந்தார்கள். தன் வீட்டுத் திண்ணையில் எவ்வளவு நேரம் பேசினாலும் யாரும் எழுந்து போகச் சொல்ல முடியாது அல்லவா? (அந்தக் கல்கி இதழும் 2020 ஊரடங்கில் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது.) சொந்த இடம் இருந்தால்தான் யாரும் கேட்காத கதையை எழுத முடியும். வெண்முரசும் அப்படி வந்ததுதான். இப்படி 26 நாவல் எழுதுங்கள் என்று எந்த ஆசிரியர் குழுவும் கேட்டிருக்காது.

இணையத்துக்கு முன்னாலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' உங்களில் பலருக்குத் தெரியும். வத்தலகுண்டுக்காரர். 1959இல் 'எழுத்து' என்று ஒரு சிற்றிதழ் தொடங்கினார். புத்தகங்களைத் தானே அச்சடித்து, மூட்டையாகத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 1997இல் 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலைத் தானே வெளியிட்டார். அடுத்த வருஷமே காலமாகிவிட்டார். அந்த நாவலுக்கு 2001இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அவருக்கு நட்சத்திரமும் இல்லை, வாசகர் எண்ணிக்கை காட்டும் திரையும் இல்லை. மூட்டை கனம் குறைந்தால் விற்றிருக்கிறது, குறையாவிட்டால் விற்கவில்லை. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் எதை எழுதுவது என்பதை அந்த மூட்டையிடம் அவர் கேட்கவில்லை.

அதனால் அந்தப் பருத்திக்காட்டுப் பெண்ணின் கதையை நிறுத்தாதீர்கள் என்றேன். நம் மாவட்டத்தில் அப்படிப் படிப்பை விட்ட பெண்களை நான் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். முழுப் பரீட்சை விடுமுறை முடிந்து வருகைப் பதிவேட்டை விரித்தால் இரண்டு மூன்று பெயர்களுக்குப் பதில் வராது. அந்தப் பெயர்களுக்கு என்ன ஆனது என்பதை எழுத, பக்கத்து வயலில் நின்று பார்த்த உங்களை விட்டால் ஆள் இல்லை. காதல் கதை எழுத இன்னும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதட்டும், தவறே இல்லை.

ஆனால் வெறும் பிடிவாதம் மட்டும் போதாது. சுதந்திரமாக எழுதுகிறவர் நான்கு காரியங்களைக் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலாவது, சோறு. ஜெயமோகன் எழுத்தை இலவசமாகக் கொடுக்க முடிந்ததற்கு ஒரு காரணம், முதலில் அரசுச் சம்பளம் இருந்தது, பிறகு சினிமா வேலை இருந்தது. 'நான் கடவுள்', 'அங்காடித் தெரு', 'பொன்னியின் செல்வன்' படங்களில் அவர் பங்கு இருப்பது நீங்கள் அறிந்ததே. வேலையை விட்டுவிட்டு எழுதப் போகிறேன் என்று யாராவது என்னிடம் வந்தால், நான் முதலில் வங்கிக் கணக்கைத்தான் கேட்பேன். துபாய்த் தம்பி இதைக் கவனிக்கவும்.

இரண்டாவது, வாசிப்பு. டால்ஸ்டாயையும் மகாபாரதத்தையும் மலையாள இலக்கியத்தையும் தமிழ் முன்னோடிகளையும் விடாமல் படித்துவிட்டுத்தான் அவர் எழுதினார். முன்னோடிகள் ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாக விமர்சனம் எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகள் சிலர், தாங்கள் எழுதும் செயலியில் வருவதை மட்டுமே படிக்கிறார்கள். ஒரே கிணற்றுத் தண்ணீரையே சுற்றிச் சுற்றி இறைப்பது போல அது. புத்தகம் வாங்கக் காசில்லை என்று இப்போது சொல்ல முடியாது. 1998 பொங்கலுக்கு முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு தொடங்கிய 'மதுரைத் திட்டம்' வழியாக நூற்றுக்கணக்கான தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன. போனில் படிக்கலாம், காசு வேண்டாம்.

மூன்றாவது, திருத்துகிற ஆள். பத்திரிகையில் ஓர் ஆசிரியர் இருப்பார். இணையத்தில் நமக்கு நாமே ராஜா. அதனால் ஒற்றுப்பிழைக்கும் பஞ்சமில்லை. வெண்முரசு அத்தியாயங்களையும் நண்பர்கள் பிழை பார்த்துத்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்காமல் குறை சொல்கிற இரண்டு பேரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். கதை பிடிக்கவில்லை என்று நட்சத்திரத்தைக் குறைக்கிறவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வல்லினம் மிகும் இடத்தில் மிகாமல் விட்டதற்குக் குறைத்தால் நான் அவர்கள் பக்கம்தான்.

நான்காவது, கடிதம். 'சூப்பர் அக்கா, அடுத்த எபிசோட் எப்போ?' என்பது கடிதம் ஆகாது. ஜெயமோகன் தளத்தில் வாசகர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், அவரும் பதில் எழுதுவார். அவர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லாதவை பல உண்டு. ஆனால் கடிதம் எழுதுகிற வாசகரை மதித்து உட்கார்ந்து பதில் எழுதும் அந்தப் பழக்கம் பெரியது. ஆயிரம் நட்சத்திரத்தை விட, கதையை முழுதாகப் படித்துவிட்டு எழுதிய பத்துக் கடிதம் ஓர் எழுத்தாளரைத் தாங்கும்.

வெண்முரசு வந்த அதே ஆண்டுகளில் வேறு ஒருவரும் தனி ஆளாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். கிசாரி மோகன் கங்குலியின் ஆங்கில மகாபாரதத்தை, செ. அருட்செல்வப்பேரரசன் முழுவதுமாகத் தமிழில் மொழிபெயர்த்து இணையத்தில் இலவசமாக வைத்தார். 2013இல் தொடங்கி 2020இல் முடித்தார். வெண்முரசில் ஒரு பாத்திரம் புரியாவிட்டால் நான் அங்கேதான் போய்ப் பார்ப்பேன். இப்படியும் நம் காலத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை வீட்டில் கேலி செய்கிறவர்களுக்குச் சொல்லுங்கள்.

காசு இல்லாத எழுத்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு, 'அறம்' வரிசையில் உள்ள 'சோற்றுக்கணக்கு' கதையைக் கொடுங்கள். திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப் என்று ஒருவர் சாப்பாட்டுக்கடை நடத்துகிறார். யாரிடமும் இவ்வளவு என்று கேட்பதில்லை. ஓர் உண்டியல் இருக்கும், முடிந்ததைப் போடலாம், போடாமலும் போகலாம். யார் போட்டார், யார் போடவில்லை என்று அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. படிக்க வந்த ஓர் ஏழைப் பையன் அங்கே வயிறாரச் சாப்பிடுகிறான். பிறகு அவன் கணக்கை எப்படித் தீர்த்தான் என்பதை நீங்களே படியுங்கள். மதியச் சத்துணவு மணிக்குக் காத்திருந்த உங்களில் பலருக்கு அந்தக் கதையைக் கண் கலங்காமல் முடிக்க முடியாது.

எனக்கு அந்தக் கதையும் அது வந்த விதமும் ஒன்றாகவே தெரிகிறது. யாருக்கு வேண்டுமோ அவர் வந்து படிக்கலாம் என்று இலை போட்டு வைத்திருந்தார்கள். நானும் ஆறரை வருஷம் அந்தப் பந்தியில் உட்கார்ந்தவன். பிறகு பெரம்பலூர் புத்தகத் திருவிழாவில் சில தொகுதிகளை வாங்கினேன். அது என் உண்டியல் காசு.

அந்த மாணவி போன வெள்ளிக்கிழமை அடுத்த அத்தியாயத்தைப் போட்டிருக்கிறார். 41 பேர் படித்திருக்கிறார்கள். நானும் படித்து, இரண்டு பக்கம் கடிதம் எழுதி அனுப்பினேன். மூன்று இடத்தில் ஒற்று விட்டிருந்தார், அதையும் குறித்திருக்கிறேன். பள்ளியை விட்ட பெண் தன் தமிழ்ப் புத்தகத்தைப் பரணில் ஒளித்து வைக்கும் இடம் நன்றாக வந்திருக்கிறது.

இப்படி எழுதிக்கொண்டிருப்பவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். கட்டாயம் படிப்பேன், பதிலும் எழுதுவேன். ஒன்றே ஒன்று, ஒரு நாளைக்கு ஒருவர் கதைதான். கண் பரிசோதனை செய்த டாக்டர் அவ்வளவுதான் அனுமதித்திருக்கிறார்.

எல்லோரும் நலமாக இருங்கள். வாலீஸ்வரர் கோயில் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா