பாறையில் ஓர் ஆறு

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின்முன் நிற்போர் யானைகளையே முதலில் காண்பர். யானும் அவ்வாறே கண்டேன். பின்னர், நடுவிலுள்ள பிளவு என் கருத்தை ஈர்த்தது. 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பி அவ்வியற்கைப் பிளவை மறைக்கவில்லை; நீந்தும் நாகர்களை அதிற் செதுக்கி, ஆறாகவே ஆக்கிவிட்டான்.

அதன் கரையில் ஒருவர் ஒற்றைக்காலில் நின்று, கைகளை உயர்த்தித் தவம் புரிகிறார். அவர் அருச்சுனனா, பகீரதனா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடும். ஆறு அங்கிருத்தலால் பகீரதன் என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

பெரிய யானையின் முன்னே பூனையொன்றும் அதே கோலத்தில் நிற்கிறது. அதனருகே எலிகள் அச்சமின்றிக் கூடியுள்ளன! மாணவர்களே, போலித் துறவை எள்ளும் அக்குறும்பு புலப்பட்டதும் வாய்விட்டு நகைத்தேன். 1,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒருவன் என்னை நகைக்க வைத்தான்! பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானையும் தேடிக் கண்டேன். பொழுது சாய்ந்ததும் தெரியவில்லை.