பாதி வழியில் திரும்பாத துணை

நம் திருச்சிக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா, தோழியரே? 1942 டிசம்பர் 1ஆம் நாள் இந்திய விமானப்படையின் 6ஆம் ஸ்குவாட்ரன் இங்குதான் தோன்றியது. அதன் தலைவர் மெஹர் சிங், விமானம் ஹரிக்கேன். பின்னர் பர்மாவின் அராக்கான் காடுகளின் மேல் அவர்கள் இருவர் இருவராகப் பறந்தார்கள். ஒருவர் தரையை நோக்கி வேவு பார்ப்பார். மற்றவர் அவர் பின்னே வளைந்து வளைந்து பறந்து, பகைவர் வருகிறார்களா என்று வானத்தைக் கவனிப்பார்.

துணை என்பது இவ்வளவு அவசியம். ஆனால் அத்துணை எவ்வளவு தூரம் வரும்?

ஐரோப்பாவில் இது உயிர்க் கேள்வி ஆயிற்று. 1943 அக்டோபர் 14 அன்று இங்கிலாந்திலிருந்து 291 அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஷ்வைன்ஃபர்ட் நகருக்குப் புறப்பட்டன. காவல் விமானங்கள் பெட்ரோல் போதாமல் ஜெர்மன் எல்லையருகே திரும்பிவிட்டன. அதற்காகவே காத்திருந்தவன் பகைவன்! 60 விமானங்கள் திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர்.

இக்குறையைத் தீர்த்தது மஸ்டாங் விமானம். 1940இல் முதலில் பறந்தபோது உயரே போனால் அதன் எஞ்சின் தளர்ந்துவிடும். ஹரிக்கேனில் இருந்த அதே மெர்லின் வகை எஞ்சினைப் பொருத்தியதும் புது வலிமை பெற்றது. இறக்கைகளின் அடியில் உபரி பெட்ரோல் தொட்டிகளைத் தொங்கவிட்டார்கள். அவற்றில் ஒரு வகை, காகிதத்தை அடுக்கடுக்காகப் பசையிட்டுச் செய்தது என்றால் நம்புவீர்களா? ஏறக்குறைய 400 லிட்டர் கொள்ளும். தீர்ந்ததும் கழற்றி எறிந்துவிடுவார்கள். 1944 மார்ச்சில் மஸ்டாங்குகள் பெர்லின் வரை துணை சென்று மீண்டன. குண்டு விழுந்த ஊர்களிலும் தாய்மாரும் குழந்தைகளும் இருந்தார்கள். ஆதலால் போரைப் புகழ நான் இதை எழுதவில்லை.

காகிதத் தொட்டியைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்கள் எதிர்வீட்டு மாமியின் தூக்குச்சட்டிதான் நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு என் அம்மாவுக்கு ஏழு மாதம் சிகிச்சை நடந்தது. முதல் வாரம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு கொள்ளாத கூட்டம். மூன்றாம் மாதம் வாசலில் செருப்பே இல்லை. அவரவர்க்கு வேலை, குறை சொல்ல மாட்டேன். மாமி மட்டும் விடியுமுன் தம் வீட்டுச் சமையலை முடித்து, தமக்கும் எங்களுக்கும் சோறு கட்டிக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி மருத்துவமனைக்கு வருவார். மாலை வரை அம்மாவின் பக்கத்திலேயே இருப்பார். கடைசி ஊசி போட்ட நாளிலும் அவர் இருந்தார். கடவுள் அருளால் அம்மா இன்று நலம்.

துணை வர விரும்புவோர் பலர். கடைசி வரை வர வேண்டுமானால், அதற்கான சோற்றையும் முதல் நாளே நாம்தான் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மாமி எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.

— பதினோராம் வகுப்பு மாணவி