இரண்டு ஓட்டல்காரர்கள் தந்த மாலை

1983இல் கபில்தேவ் உலகக் கோப்பையைத் தூக்கிக் காட்டிய மாடத்தைத் தொலைக்காட்சியில் பார்க்காத கிரிக்கெட் ரசிகர் நம்மில் யார்? லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் அந்த மாடம் இருக்கும் பெவிலியனுக்கு எதிரே உட்கார்ந்தபோதோ என் கண் கட்டடத்தின்மேல் நிலைத்துவிட்டது. செந்நிறச் சுடுமண் வேலைப்பாடு, இரு ஓரங்களிலும் கோபுரம், அடுக்கடுக்காக ஏறும் மாடங்கள். ஆட்டக்காரர்கள் உடை மாற்றிக்கொள்ள இவ்வளவு வேண்டியதில்லை. இது வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் அழகாகக் காட்டுவதற்கென்றே கட்டியது. 1889–90இல் இதை எழுப்பிய தாமஸ் வெரிட்டி, நாடக அரங்குகள் கட்டிப் பெயர் வாங்கியவர் என்று அறிந்ததும் அன்றைய மாலை எங்கே போவது என்பது முடிவாகிவிட்டது.

அன்று நடந்தது மிடில்செக்ஸ் அணியின் கவுண்டி ஆட்டம். வேலைநாள். பெரும்பாலான இருக்கைகள் காலி. வந்திருந்தவர்களில் முதியவர்களே அதிகம். மடியில் ஸ்கோர் புத்தகம், காலடியில் தேநீர் பிளாஸ்க். ரன் இல்லாத பந்துக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறார்கள். நல்ல பந்தை எந்த அணிக்காரர் போட்டாலும் அதே அளவான கைதட்டல். இந்த மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்திருப்பது படத்தில் தெரிவதில்லை. நேரில் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஓரத்துக்கு ஓரம் சுமார் 2.5 மீட்டர் இறக்கம். பெவிலியன் முனையிலிருந்து வீசினால் பந்து வலக்கை மட்டையாளரை நோக்கி உள்ளே வருகிறது. எதிர்முனையிலிருந்து வீசினால் வெளியே நழுவுகிறது. 1814 முதல் இங்கே ஆடுகிறார்கள், சரிவு அப்படியே இருக்கிறது. அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஒரு மணிக்கு ஆட்டம் நிற்கிறது. நாற்பது நிமிடம் சாப்பாட்டுக்கு. பிற்பகலில் இருபது நிமிடம் தேநீருக்கு. பெவிலியனுக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் கூடைகளைத் திறந்து சான்ட்விச்சும் ஒயினும் பரப்பிக்கொண்டு நிதானமாக உண்கிறார்கள். விளையாட்டு விதிக்குள்ளேயே விருந்துக்கும் நேரம் ஒதுக்கியவர்கள் ஆங்கிலேயர்கள்.

பெவிலியனுக்குள் இருக்கும் லாங் ரூமை முன்னரே வழிகாட்டியோடு நடந்து பார்த்திருந்தேன். உயர்ந்த ஜன்னல்கள், பழைய ஓவியங்கள். மட்டையாளர் இந்த அறையின் நடுவே, கோட்டும் டையும் அணிந்த கிளப் உறுப்பினர்களைக் கடந்துதான் களத்துக்குப் போகவேண்டும். 1998 வரை அந்த உறுப்பினர்கள் அனைவரும் ஆண்களே. இன்னொரு பிரிவினையும் இங்கே இருந்தது. சம்பளம் வாங்காமல் ஆடியவர் ‘ஜென்டில்மேன்’. வாங்கி ஆடியவர் ‘பிளேயர்’. ஒரே அணியில் ஆடினாலும் உடை மாற்றும் அறை வேறு, களத்துக்குப் போகும் வாயில் வேறு. ஸ்கோர் அட்டையில்கூடக் கனவானுக்கு முதலெழுத்து பெயருக்கு முன்னால், தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பின்னால். 1962இல்தான் இந்த வேறுபாட்டை ஒழித்தார்கள். எனக்கு மனம் கனத்தது. கனவானின் ஓய்வை ஓய்வாக வைத்திருந்தது கூலிக்காரரின் உழைப்புதான்.

அந்த உழைப்பின் மதிப்பு புரிந்த இருவரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். பெலிக்ஸ் ஸ்பியர்ஸ், கிறிஸ்டோபர் பாண்ட். மெல்போர்னில் உணவகம் நடத்திக்கொண்டிருந்த ஆங்கிலேயர்கள். தங்கள் உணவகத்துக்குக் கூட்டம் சேர்க்க நினைத்தவர்கள், எச்.எச். ஸ்டீபன்சன் தலைமையில் பன்னிரண்டு ஆட்டக்காரர்களை 1861இல் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு வரவழைத்தார்கள். ஆளுக்கு 150 பவுண்டும் பயணச் செலவும். அதுதான் ஆஸ்திரேலியாவில் ஆடிய முதல் இங்கிலாந்து அணி. வந்தவர்கள் அனைவரும் ‘பிளேயர்’கள். அவர்களில் சார்லஸ் லாரன்ஸ் அங்கேயே தங்கிவிட்டார். 1868இல் ஆஸ்திரேலியப் பழங்குடி வீரர்களின் அணியை இங்கிலாந்துக்கு அழைத்துவந்து லார்ட்ஸிலும் ஆடவைத்தவர் அவர். ஓட்டல்காரர்கள் இருவரும் கையில் லாபத்தோடு லண்டன் திரும்பினார்கள். ரயில்வே உணவுச்சாலைகள் நடத்தி மேலும் வளர்ந்து, பிக்காடிலி சர்க்கஸில் இடம் வாங்கி, வெரிட்டியைக் கொண்டு கிரைட்டீரியன் மாளிகையை எழுப்பினார்கள். மேலே உணவகம், கீழே நாடக அரங்கு. லார்ட்ஸ் பெவிலியனுக்கு முன்பே அவர் செய்த வேலை இது.

ஆட்டம் முடிந்ததும் செயின்ட் ஜான்ஸ் வுட் நிலையத்தில் ரயில் ஏறி, பேக்கர் ஸ்ட்ரீட்டில் வண்டி மாறி, பிக்காடிலியில் இறங்கினேன். 1873இல் திறந்த அந்த உணவுக்கூடம் இன்னும் இருக்கிறது. சுவரெல்லாம் பளிங்கு, அண்ணாந்து பார்த்தால் தங்க மொசைக் பதித்த நீண்ட கூரை. 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், டாக்டர் வாட்சன் பழைய நண்பர் ஒருவரை எதிர்பாராமல் சந்திப்பது இங்கேதான்; அந்த நண்பர் வழியாகத்தான் ஹோம்ஸின் அறிமுகம். அதைச் சொல்லும் பலகை வைத்திருக்கிறார்கள். 2023 முதல் இங்கே இயங்குவது இந்திய உணவகம். கிரிக்கெட் பணத்தில் தழைத்தவர்கள் கட்டிய கூடத்தில், அந்தக் கூரையின் கீழ் சோறும் பருப்பும் தட்டில் வந்தபோது உண்மையிலேயே மனம் நிறைந்தது.

அன்றைய உச்சம் நாடக அரங்குதான். தெருமட்டத்தில் இருப்பது சீட்டு கொடுக்கும் இடம் மட்டுமே. மாடி இருக்கை வாங்கியவரும் படியிறங்கித்தான் போகவேண்டும். சுவர்களில் விக்டோரியா காலத்து வண்ண ஓடுகள். இறங்க இறங்கப் பிக்காடிலியின் இரைச்சல் அடங்கிப்போகிறது. 1874இல் திறந்தபோது உள்ளே எரிந்தவை வாயு விளக்குகள். பூமிக்கடியில் அத்தனை பேர், அத்தனை சுடர். மூச்சு முட்டாமலிருக்கக் காற்றை இயந்திரம் வைத்து உள்ளே செலுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில், குண்டு எட்டாத ஆழம் என்பதால் பிபிசி இங்கிருந்து நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. இருக்கைகள் அறுநூறுக்கும் குறைவு. நடிகர் பெருமூச்சு விட்டால் கடைசி வரிசைக்குக் கேட்கிறது. இடைவேளையில் சிறு கிண்ணங்களில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். கோட்டு அணிந்த பெரியவர்களும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

லண்டன் போகிற கிரிக்கெட் ரசிகர்கள் இதே வரிசையில் ஒரு நாளைக் கழித்துப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. கவுண்டி ஆட்டத்துக்குச் சீட்டு எளிதில் கிடைக்கும். நாடகத்துக்கு முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கீழே இறங்கும்போது அவசரப்படாமல் அந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள்.