குதிரை மறம்

போருக்கும் இலக்கணம் வகுத்தனர் நம் முன்னோர். தானை, யானை, குதிரை ஆகியவற்றின் நிலைகளைத் தும்பைத் திணையில் வைத்தார் தொல்காப்பியர். குதிரையின் ஆற்றலைப் பாடும் துறை ‘குதிரை மறம்’ எனப்படும்.

புறநானூற்று 299-ஆம் பாட்டில், பருத்தியை வேலியாகக் கொண்ட சிற்றூர்த் தலைவனின், உழுந்துச் சக்கை தின்ற குதிரை பகைப்படையைப் பிளக்கின்றது. நெய்யுணவு உண்ட வளநாட்டு மன்னர் குதிரைகளோ ஒதுங்கி நிற்கின்றன. பருத்தி விளையும் நாட்டில், மகாராஜபுரத்தில் பிறந்த யாம் இதனைப் படித்துப் பெருமிதங் கொண்டோம்.

273-ஆம் பாட்டும் அத்துறையினதே. பிறர் குதிரைகள் யாவும் மீண்டன; தன் மகனின் தந்தை ஊர்ந்த குதிரையை மட்டும் காணாது, ஈராற்றுக் கூடலிடை நின்ற மரம்போல் அது சாய்ந்ததோ என ஒருத்தி கலங்குகின்றாள். வீரம் பாடும் துறையுள் மீளாக் குதிரைக்கும் இடந்தந்த எருமை வெளியனாரே போரின் இலக்கணத்தை முற்றும் உணர்ந்தவர் என்பது எம் துணிபு.