காற்றழுத்தம் காப்போர்

பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் சமவெளியைத் தொடும் தாமிரபரணி, நெல் வயல்களுக்கு நீர் வார்த்ததோடு அமையாமல், இப்பிரதேசத்தின் ஆலைத் தொழிலுக்கும் ஆதார சக்தியாக விளங்கி வந்திருக்கிறது. ஹார்வி சகோதரர்கள் 1880-களில் விக்கிரமசிங்கபுரத்தில் நிறுவிய பஞ்சாலை, மலையிலிருந்து இறங்கிய நீரின் விசையால் இயங்கிற்று. 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் தொடங்கியபின், அதே நீர் மின்சாரமாக உருமாறி ஊர் ஊராகச் சென்றது. இன்றைய நூற்பாலைகளிலோ, மின்சாரத்துக்கு அடுத்தபடியாக இன்றியமையாத இன்னொரு சக்தி, கண்ணுக்குப் புலப்படாமல் குழாய்களுக்குள் அடங்கி வேலை செய்கிறது. அது அழுத்தப்பட்ட காற்று. அந்தக் காற்றை ஒழுங்கில் நிறுத்தும் பராமரிப்புத் தொழிலாளரின் காரியத்தை அருகிருந்து அறிய விரும்பி, அம்பாசமுத்திரம் சாலையை ஒட்டிய ஓர் ஆலைக்குச் சென்றிருந்தேன்.

கம்ப்ரசர் அறையிலிருந்து ஏறக்குறைய 7 கிலோ அழுத்தத்தில் காற்று புறப்படுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்பதைத் தொழிலாளர்கள் 'கிலோ' என்றே சுருக்கிச் சொல்கிறார்கள். நூலைக் கூம்புகளில் சுற்றும் ஆட்டோகோனரில் நூல் அறுந்தால், ஸ்ப்ளைசர் என்னும் சிறு கருவி இரு முனைகளின் முறுக்கையும் காற்றால் பிரித்து, மீண்டும் காற்றாலேயே இழைகளைப் பின்னி, முடிச்சு இல்லாமல் இணைத்துவிடுகிறது. நூல் நூற்கும் ரிங் பிரேம்கள் சிலவற்றில் மேல் உருளைகளைக் கீழ் உருளைகள்மீது அழுத்திப் பிடிப்பதும் காற்றே; ஆனால் அதற்கு வேண்டிய அழுத்தம் இதைவிட மிகக் குறைவு. காற்று தளர்ந்தால் இணைப்பு பலமிழந்து நெசவின்போது அறும். உருளையின் பிடி தளர்ந்தால் நூலின் கனம் சீர்கெடும். ஆகவே ஒவ்வொரு யந்திரத்தின் வாசலிலும், வடிகட்டியோடு சேர்ந்தாற்போல, ஒரு ரெகுலேட்டர் காவல் நிற்கிறது.

அதன் அமைப்பு எளிமையானது, சூட்சுமம் பெரிது. மேலிருக்கும் திருகை முடுக்கினால் ஸ்பிரிங் அழுந்தி, அதன் கீழுள்ள டயஃப்ரம் என்னும் மெல்லிய ரப்பர்த் தகட்டைத் தள்ள, வால்வு திறந்து காற்று யந்திரப் பக்கம் செல்கிறது. அப்பக்கத்தில் அழுத்தம் உயர உயர, அதுவே தகட்டை எதிர்த்துத் தள்ளி வால்வை மூடிவிடுகிறது. அளவு மீறினால், தகட்டின் நடுவிலுள்ள துளை திறந்து, மிகுதிக் காற்று மூடியிலுள்ள ஓட்டை வழியாக வெளியேறுகிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களில், நீர் ஏறினால் மதகை இறக்கியும் குறைந்தால் ஏற்றியும் பயிரைக் காக்கும் நீர்பாய்ச்சியின் பணியை, உள்ளங்கையில் அடங்கும் இக்கருவி மனிதக் கை படாமல் செய்துவருகிறது.

நான் நின்றிருந்த வேளையில் ஓர் ஆட்டோகோனரின் ரெகுலேட்டர் ஓயாமல் சீறிக்கொண்டிருந்தது. பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு வந்த இளைஞர், "அண்ணாச்சி, ஸ்டோர்ல புதுசு ஒண்ணு கெடக்கு, மாட்டிரட்டுமா?" என்றார். மூத்த ஃபிட்டர் தலையசைத்து மறுத்தார். "பொறுலே. என்ன நோவுன்னு பாக்காம மாட்டுனா, நாளைக்கு அதுவும் இப்படித்தான் சீறும்."

அவர் முதலில் திருகை முழுவதும் தளர்த்தினார். ஸ்பிரிங்கின் பிடி நீங்கிய அந்நிலையில் சீற்றம் அடங்கினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது என்றும், அடங்காவிட்டால் வால்வின் இருக்கையில் அழுக்குச் சிக்கி அது மூடாமல் நிற்கிறது என்றும் விளக்கினார். சீற்றம் அடங்கவில்லை. யந்திரம் நிற்கும்போது சரியாக இருந்து, ஓடத் தொடங்கியதும் அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் சரிந்தால், ரெகுலேட்டரைக் குறை கூறுமுன் வடிகட்டியின் அடைப்பைப் பார்க்க வேண்டும் என்பதையும், அந்த இளைஞர் மனத்தில் பதியும்படி நிதானமாக எடுத்துச் சொன்னார்.

பிறகு கழற்றும் வேலை தொடங்கிற்று. யந்திரத்துக்கு வரும் குழாயின் வால்வை மூடி, எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட்டு, குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றி, முள் பூஜ்யத்தில் விழுந்ததைக் கண்ணால் கண்ட பின்னரே ஸ்பேனரை எடுத்தார்கள். திறந்து பார்த்தபோது, வால்வு இருக்கையின் ரப்பரில் துருத் துணுக்கு ஒன்று பதிந்து தடம் போட்டிருந்தது. அடியில் எண்ணெயும் நீரும் குழைந்த, மோர் நிறத்துக் கசடு. "ரெகுலேட்டர் தானா கெடல, சார், தண்ணிதான் கெடுத்துருக்கு," என்றார் மூத்தவர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஈரம் மிகுந்த காற்றை உறிஞ்சி அழுத்துகிற கம்ப்ரசர், குழாய்க்குள் நீரையும் சேர்த்தே அனுப்புகிறது. அந்த நீர் இரும்புக் குழாயைத் துருப்பிடிக்கச் செய்ய, துரு உதிர்ந்து வால்வில் வந்து உட்காருகிறது. அவர் நேரே கம்ப்ரசர் அறைக்கு நடந்து, காற்றுத் தொட்டியின் அடியிலிருந்த தானியங்கி வடிகால் சிக்கிக்கொண்டிருந்ததைக் கண்டு அதைச் சீர்செய்த பின்பே, புதிய ரெகுலேட்டரைக் கையில் எடுத்தார்.

குழாயின் அளவு ஒத்திருந்தால் மட்டும் போதாது. 2 கிலோவில் நிற்க வேண்டிய இடத்தில் 10 கிலோவுக்கான வலுத்த ஸ்பிரிங் உள்ளதைப் பொருத்தினால் அழுத்தம் நிலைப்படாது. காற்று செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்து, முதல் மரையை விட்டு டெஃப்லான் டேப்பைச் சுற்றி, அதன் துணுக்கு உள்ளே போகாதபடி இணைத்தார்கள். வடிகட்டியின் பிளாஸ்டிக் கிண்ணத்தைச் சோப்பு நீரால் கழுவினார்கள். தின்னரோ பெட்ரோலோ பட்டால் அது வெடிப்பு விட்டு, அழுத்தத்தில் சிதறும் அபாயம் உண்டு. குழாயின் வால்வை மெல்லத் திறந்து, அழுத்தத்தைக் கீழிருந்து மேலாக ஏற்றி, வேண்டிய அளவில் திருகைப் பூட்டி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்த பிறகே யந்திரம் ஓடிற்று.

பஞ்சுத் தூசியும் பேரிரைச்சலும் நிறைந்த கூடத்தில், ஒரு மெல்லிய சீற்றத்தைக் காதால் பிரித்தறியும் இத்திறமை எளிதில் வாய்ப்பதன்று. 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றே 7 கிலோ அழுத்தத்தில் ஏறக்குறைய 3 கிலோவாட் மின்சாரத்தை வீணாக்கும். அழுத்தத்தில் தேவையின்றி ஒரு கிலோ கூட்டினால் கம்ப்ரசரின் மின்செலவு நூற்றுக்கு 7 அளவில் ஏறும். நோயைத் தேடாமல் திருகை மட்டும் முடுக்கிவிட்டுப் போகும் அவசரத்தின் விலை அவ்வளவு. அந்த அவசரத்துக்கு இடம் கொடாத இத்தொழிலாளர்களின் அனுபவமோ பெரும்பாலும் எழுத்தில் ஏறாமல், அவர்கள் ஓய்வு பெறும் நாளில் அவர்களோடு வெளியேறிவிடுகிறது. ஸ்டோர் அலமாரியிலிருந்த கையேடுகளோ ஆங்கிலத்திலேயே இருந்தன.

ஆலை நிர்வாகிகள் இவர்களைப் பேசச் சொல்லி, பேசுவதை நல்ல தமிழில் கையேடாக அச்சிட்டு, புதிதாக வரும் ஒவ்வோர் இளைஞரிடமும் கொடுக்க வேண்டும். பழுது காணும்போது காரணத்தைத் தேடுவதற்கான அவகாசத்தையும் தாராளமாக அளிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு அற்பம். பிரயோசனம் தலைமுறைகளுக்கு நிற்கும்.