மஃரிபுக்குப் பின் நான்கு மணி நேரம்



கற்பிட்டி வீதியால் போனவர்கள் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியைக் கண்டிருப்பீர்கள். 2011இல் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கி, 2014இல் மூன்றும் முழுமை பெற்ற 900 மெகாவாட் நிலையம் அது. "கரண்ட் காய்ச்சுகிற ஊரிலேயே இருக்கிறீர்கள், உங்களுக்கு என்ன குறை?" என்று வெளியூர் உறவினர் பகிடி பண்ணுவார்கள். ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது எங்கள் வீடுகளும் இருண்டுதான் கிடந்தன. அவ்வருடம் ஆகஸ்டிலும், மறுபடி 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பெருமளவு ஏறியது.

எங்கள் வீட்டில் கடல் வருமானம். கச்சான் காற்று பலக்கும் மாதங்களில் தோணி இறங்காது. அதே கொந்தளிப்பில் நுரைச்சோலைக்கு நிலக்கரி இறக்குவதும் நின்றுவிடும். முன்னதாகவே சேர்த்து வைத்த நிலக்கரியில்தான் நிலையம் ஓடுகிறது. குடும்பத்துக்கும் அந்த முன்யோசனை வேண்டாமா?

மின்சாரத்தை எவ்வளவு பாவிக்கிறோம் என்பதோடு, எப்போது பாவிக்கிறோம் என்பதும் முக்கியம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடு முழுவதும் விளக்கு, தொலைக்காட்சி, அயன், மோட்டர் எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. அந்த நேரத் தேவைக்காக விலை கூடிய எண்ணெயில் ஓடும் இயந்திரங்களையும் இயக்க வேண்டியிருக்கிறது. அச்செலவு பின்னர் கட்டணமாக நம் வாசலுக்கே வருகிறது. பகலிலோ நிலைமை வேறு. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகல் மின்சாரம் மிஞ்சியதால், கூரைகளில் உள்ள சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது.

ஆகவே மஃரிபுக்குப் பின் செய்யும் வேலைகளில் எவற்றைப் பகலுக்கு மாற்றலாம் என்று பாருங்கள். தண்ணீர்த் தாங்கியை லுஹருக்கு முன்பே நிரப்பி விடலாம். பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளைத் தினம் ஒன்றாக அயன் செய்யாமல், விடுமுறைக் காலையில் ஒன்றாகச் செய்யலாம். 1000 வாட் அயன் ஒரு மணி நேரம் சூடேறினால் ஓர் அலகு போய்விடும். ஒவ்வொரு நாளும் புதிதாகச் சூடேற்றுவதுதான் வீண்.

அடுத்தது, மின்மானியைப் பாருங்கள். மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் அலகுக்கே விலை கூடிவிடும். அதற்கு மேல் 90, 120 என்று படிக்குப் படி ஏறும். நான் வெள்ளிதோறும் மின்மானி எண்ணை நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன். மாத நடுவிலேயே நிலவரம் தெரிந்து விடுவதால், எதைக் குறைக்கலாம் என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது.

குறைப்பதற்கு வழிகள் உண்டு. 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 அலகு. அதன் இடத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிந்தால் ஒன்றரை அலகுகூட வராது. 75 வாட் மின்விசிறி இரவில் 8 மணி நேரம் சுழன்றால் மாதம் 18 அலகு. கடற்பக்க யன்னலுக்கு நுளம்பு வலை அடித்துத் திறந்து வைத்தால் பல இரவுகளில் விசிறியே தேவைப்படாது. பிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். உப்புக்காற்றில் அதன் பின்புறத்தில் படியும் தூசியை மாதம் ஒருமுறை துடையுங்கள். சூடான கறியை ஆறவிடாமல் உள்ளே வைக்காதீர்கள்.

அடுப்புக்கும் இது பொருந்தும். கடலையையும் பருப்பையும் ஊறவைத்து, மூடியிட்டு வேகவையுங்கள். தென்னை நிறைந்த நம் பகுதியில் பொச்சுமட்டைக்கும் சிரட்டைக்கும் குறைவில்லை. ஆனால் புகை வெளியே போக வழியில்லாத குசினியில் அவற்றை எரிக்க வேண்டாம். மிச்சம் பிடிக்கும் எரிவாயுவை விட உங்கள் நெஞ்சு பெரிது.

கடைசியாக ஒன்று. சிக்கனம் என்பது இருட்டில் குந்தியிருப்பது அல்ல. 2022இல் குப்பி விளக்கைச் சுற்றிப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிப் படித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆளில்லாத அறையின் விளக்கை அணையுங்கள், யாரும் பார்க்காத தொலைக்காட்சியை நிறுத்துங்கள். பிள்ளை படிக்கும் மேசை விளக்கு மட்டும் தாராளமாக எரியட்டும்.