தண்ணி வளர்ந்திட்டுது

நோத்ர-டாம்-த-கிரேஸில், ஷெர்ப்ரூக் வீதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. ஒருநாள் பின்னேரம் குளியலறையில் என் நாலு வயது மகள் அகலக் கிண்ணத்திலிருந்த தண்ணீரை உயரமான கிளாசுக்குள் ஊற்றிவிட்டு, "அம்மா, தண்ணி வளர்ந்திட்டுது!" என்று கத்தினாள். நிலமெல்லாம் ஈரம். நான் பைப்பைப் பூட்டினேன். "தண்ணியோட என்ன விளையாட்டு?" அவள் அழுதாள்.

என் கை அப்படிப் பழகியது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறும் கிணற்று நீர்தான் எல்லாம். 1995 ஒக்டோபர் 30 இரவு, எட்டு வயதில், சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது மழைத் தண்ணியைக் குடையில் ஏந்திக் குடித்தோம். அதற்குப் பிறகு தண்ணீரைச் சிந்துவது எனக்குக் குற்றமாகவே தெரிந்தது.

அடுத்த நாள் மகளின் பராமரிப்பு நிலைய ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "திருத்தாதீர்கள். திரும்பத் திரும்ப ஊற்றட்டும்" என்றார்.

ஜெனீவாவில் ஜான் பியாஜே இப்படித்தான் ஒரு பாத்திரத்து நீரை ஒடுங்கிய இன்னொன்றுக்கு மாற்றிப் பிள்ளைகளைக் கேட்டார். ஏறக்குறைய 7 வயதுவரை பெரும்பாலானோருக்கு உயர்ந்து நிற்பதே கூடுதலாகத் தெரியும். ஊற்றி ஊற்றித்தான் அளவு பிடிபடும். மணிக்கட்டு பழகும், 'நிறைய', 'பாதி' என்ற சொற்களுக்குப் பொருள் வரும். 1939இல் அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்திய மரியா மொண்டிசோரியின் முறையிலும் குவளைக்குக் குவளை நீர் ஊற்றுவது ஒரு பயிற்சி.

இணுவிலில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது சிரித்தார். "நீ மட்டும் என்னவாம்? இறைப்பு நேரம் வாய்க்காலைக் காலால உடைச்சு எத்தினை தரம் பேச்சு வாங்கினனீ?"

மறந்தே போயிருந்தேன். வெங்காயப் பாத்திக்கு அப்பா தண்ணி மாறும்போது, எங்கே மண்ணை வைத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குப் பின்னால் நின்று படித்தவள் நான். எங்கள் வீட்டில் அதை யாரும் விளையாட்டு என்று சொல்லவில்லை.

இப்போது மகளுக்குப் பின்னேரங்களில் ஒரு வாளித் தண்ணீர். இரண்டு அங்குலத் தண்ணீரும் சிறுபிள்ளைக்கு ஆபத்து என்பதால் கையெட்டும் தூரத்தில் நான் இருப்பேன். மிஞ்சுவது யன்னலோரக் கறிவேப்பிலைக் கண்டுக்கு.

நேற்று கிளாசிலிருந்ததைத் திருப்பிக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, "அம்மா, சின்னதாப் போச்சு" என்றாள்.

"திரும்ப ஊத்திப் பாரன்" என்றேன்.